ரசீது இருக்கு, பூனை எங்கே?

யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் செக்கரம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓடும் பேருந்தை நடுவழியில் நிறுத்தி ஏறி, பயணிகளின் டிக்கெட்டைச் சரிபார்க்கும் வேலை. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் எவ்வளவு முகம் திருப்புவான், தூங்குகிற மாதிரி நடிப்பவளின் இமை எப்படித் துடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றுக் கணவரின் ஊருக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. காய்கறி வாங்கப் போனால் தராசுத் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார். கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். “எனக்கு வீட்டுலயே தினம் செக்கிங் இருக்கு” என்று மட்டும் எப்போதாவது கடைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சின்ன ஊர். நெடுஞ்சாலை அதை நடுவில் பிளந்துகொண்டு போனது. இந்தப் பக்கம் வீடுகளும் கடைகளும். அந்தப் பக்கம் வயல், கோழிப்பண்ணை, மூடிக் கிடந்த தானியக் கிடங்கு. கிடங்கு நடந்த காலத்தில் எலிக்காகப் பூனைகளை விட்டு வைத்திருந்தார்கள். கிடங்கு மூடியதும் பூனைகள் சாலையைக் கடந்து ஊருக்குள் வந்தன. வந்த இடத்தில் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன.

ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. செக்கரம்மா குனிந்து இழுத்துப் பார்த்தார். கண் திறக்காத பூனைக்குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

“இது யாரோடது?” என்று கேட்டார், பழைய தொனியில்.

நின்றிருந்தவர்கள் எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். செக்கரம்மா ஒவ்வொரு முகமாகப் படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, நின்ற அத்தனை பேரும் டிக்கெட் இல்லாதவர்கள் மாதிரியே தெரிந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒன்று மட்டும் பிழைத்தது. மற்றவற்றைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாலை, சேலைத் தலைப்பில் சேறு ஒட்டியிருக்க, மாட்டாஸ்பத்திரிக்குப் போய் நின்றார். வாரம் ஒருமுறை நகரத்திலிருந்து வரும் இளம் பெண் டாக்டர் அங்கே கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பூனைங்க குட்டி போடாம இருக்க என்ன வழி டாக்டர்?”

“குடும்பக் கட்டுப்பாடுதான். ஆனா நான் மாட்டு டாக்டர்மா. மாட்டையே ஊர்க்காரங்க நேரத்துக்குக் கூட்டிட்டு வர்றதில்ல.”

“நான் நேரத்துக்குக் கொண்டு வருவேன்.”

டாக்டர் துண்டில் கையைத் துடைத்தார். “ஆபரேஷனுக்கு நான் காசு வாங்கல. ஆனா மயக்க மருந்து, தையல் நூல், ஊசி மருந்து எல்லாம் வெளியில வாங்கணும். ஆபரேஷன் முடிஞ்சு சில நாள் வச்சுப் பாத்துக்க இடம் வேணும். பூனையைப் பிடிக்கக் கூண்டு வேணும். இதுக்கெல்லாம் யார்கிட்டம்மா போவீங்க?”

கூண்டுக்குச் செக்கரம்மா கணவரிடம் போனார். அவர் பழைய ஃபேன்களின் கம்பிக் கூடுகளைப் பிரித்து, வளைத்து, பற்றவைத்து, பூனை உள்ளே மிதித்தால் கதவு தானே விழுகிற மாதிரி செய்து கொடுத்தார். செய்து முடிக்கும்வரை எதற்கு என்று கேட்கவில்லை.

இடத்துக்கும் முதல் பணத்துக்கும் நர்ஸம்மாவிடம் போனார். நர்ஸம்மா ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாலையோரம், ஊர் முடிகிற இடத்தில் தனியாகக் குடியிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார்; அதனால் பாதி ஊர் அவருக்குப் பயந்தது, முழு ஊரும் அவரை நம்பியது. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கையில் வைத்தார்.

“முன் ரூமைக் காலி பண்ணித் தர்றேன். தையல் பிரியாம, புண்ணு பழுக்காம நான் பாத்துக்கறேன். அது எனக்குக் கைவந்த வேலை.”

செக்கரம்மாவுக்கு அன்று சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றாத ஒரே முகம் அதுதான்.

மீதிப் பணத்துக்கு உண்டியல் வைத்தார். டீக்கடையில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று, சலூனில் ஒன்று. பால்பவுடர் டின்னில் காசு போட ஒரு கீறல். மூடியைக் கணவரை விட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். திறக்கும்போது கடைக்காரரும் கூட இருக்க வேண்டும். கையில் பணம் கொடுத்தால் சில்லறையாக இருந்தாலும் ரசீது. ரசீதைப் பேருந்து டிக்கெட் அளவிலேயே அச்சடித்திருந்தார். கிழித்துக் கொடுப்பதும் பழைய கை வேகத்திலேயே இருந்தது.

“இது எந்த ஸ்டாப்பிங் வரைக்கும் செல்லும்?” என்று சலூன்காரர் கேட்டார்.

“போட்ட காசுக்குத் தகுந்த மாதிரி” என்றார் செக்கரம்மா, சிரிக்காமல்.

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே காசும் போட்டது. வாரா வாரம் கூண்டுகள் போயின, வந்தன. தையல் ஆறிய பூனைகளைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார். இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதுதான் கெடுத்தது.

மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் பூனையின் ஒரு காது நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார். ஆபரேஷன் ஆன பூனை எது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கான அடையாளம் அது. இல்லாவிட்டால் அதையே மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டிவரும். இதைச் செக்கரம்மா ஊருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தெருவில் காது மொட்டையான பூனைகள் ஒவ்வொன்றாக நடமாட ஆரம்பித்ததும் டீக்கடைக்கு மெல்லுவதற்கு அவல் கிடைத்தது.

“காதை நறுக்கி என்ன பண்றாங்களாம்?”

“மருந்துக்குப் போகுதாம்.”

“நுனி மட்டுமா?”

“நுனியிலதான் சத்தாம்.”

வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். டாக்டரே வந்து விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கோழிப்பண்ணைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். உயரமான, குரல் கட்டையான மனிதர். “சரி, காதுக்குக் கணக்கு வந்துடுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செக்கரம்மாவுக்கு அந்த ஆளின்மேல் அப்போதே ஒரு கண் விழுந்தது.

அடுத்ததாக, பூனைகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் டீக்கடைப் பூனை. பால் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும் சாம்பல் நிறப் பூனை அது. ஆபரேஷன் முடிந்து திரும்பிவந்து, சில நாள் சுற்றிவிட்டு, பிறகு இல்லை. அப்புறம் மருந்துக்கடைப் படியில் தூங்கும் ஒன்று. பிறகு கோழிப்பண்ணையில் வளர்ந்த செம்பட்டைப் பூனை. ஆபரேஷன் ஆகாத பூனைகள் எல்லாம் ஊரில் இருந்தன. காது நறுக்கியவை மட்டும் குறைந்துகொண்டே வந்தன. சாலையில் அடிபட்டுக் கிடக்கவும் இல்லை, நோய் வந்து சாகவும் இல்லை. அப்படியே ஆவியாகிவிட்ட மாதிரி.

கோழிப்பண்ணைக்காரர் டீக்கடை முன்னால் செக்கரம்மாவை மறித்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள்.

“செக்கரம்மா, எல்லாத்துக்கும் ரசீது குடுக்கறீங்க. நல்லது. ரசீது இருக்கு, பூனை எங்க?”

“அதைத்தான் நானும் தேடறேன்.”

“டவுனுக்கு வாரா வாரம் வண்டி போகுதாமே.”

“மருந்து வாங்கப் போகுது.”

“காலிக் கூண்டோடயா போகுது?”

செக்கரம்மா வீட்டுக்கு வந்தார். வந்தவர் அன்று முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். ஊரார் தன்னை அப்படிப் பார்த்தது அவரைச் சுட்டது. ஆனால் அதைவிட வேறொன்று உறுத்தியது. இவ்வளவு சத்தமாகக் கேட்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவருடைய அனுபவம் சொன்னது. பேருந்திலும் அப்படித்தான், டிக்கெட் இல்லாதவன்தான் முதலில் கண்டக்டரோடு சண்டை போடுவான். கோழிக்குஞ்சுகளைப் பூனை தின்கிறது, அதனால் அந்த ஆள் தீர்த்துக்கட்டுகிறான். காது அடையாளம் அவனுக்கு வசதியாகப் போயிற்று. இப்படிக் கோத்துப் பார்த்ததும் எல்லாம் பொருந்தி வந்தது.

மறுநாள் முட்டை வாங்குகிற சாக்கில் பண்ணைக்குப் போனார். கொட்டகைகளைச் சுற்றினார். குப்பைக் குழியை எட்டிப் பார்த்தார். தீவன அறையின் மூலையில் ஒரு புட்டியைப் பார்த்ததும் நின்று லேபிளைப் படித்தார். கோழிகளுக்கான வைட்டமின்.

“விஷம் தேடறீங்களா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

செக்கரம்மா திரும்பினார். மறுக்கவில்லை.

கோழிப்பண்ணைக்காரர் தீவன மூட்டை ஒன்றைக் காலால் புரட்டினார். அடியில் சாக்கு கிழிந்து, தீவனம் கொட்டி, எலிப்புழுக்கையோடு கலந்து கிடந்தது. இரண்டு எலிகள் அவசரப்படாமல் சுவரோரம் நடந்து போயின.

“என் செம்பட்டை இருந்த வரைக்கும் இந்த ரூம்ல ஒரு எலி கிடையாது. அது ஒரு குஞ்சைத் தொட்டதும் கிடையாது. நான்தான் அதைப் பிடிச்சு உங்க கூண்டுல போட்டேன், ஞாபகம் இருக்கா? விஷம் வைக்கறவன் எதுக்குங்க கூண்டுல போடுவான்?”

செக்கரம்மா முட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பொய் சொல்கிறவனின் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஆளின் கண் எங்கும் போகவில்லை. அப்படியானால் யார் என்று யோசித்தபோது, பிடித்துத் தொங்குவதற்கு ஒரு கொம்பும் இல்லை.

விடை, கணவரின் சட்டையில் வந்தது. நர்ஸம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டனுப்பினார்கள். போய்வந்தவர் சட்டையைக் கழற்றி நேராக வாளியில் முக்கினார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை. செக்கரம்மா சட்டையை எடுத்து முகர்ந்தார். ஃபினாயில். அதற்கு அடியில் வேறு ஒரு நாற்றம்.

“என்னங்க இது?”

“மோட்டார் பின்பக்கம் இருக்கு. அங்க போய்ச் சரி பண்ணினேன்.”

“அது இல்ல.”

அவர் துண்டால் கையைத் துடைத்தார். “பின் ஜன்னலெல்லாம் அட்டை வச்சு அடைச்சிருக்கு. உள்ள நிறைய சத்தம் கேக்குது. நான் என்னன்னு கேக்கல. அவங்களும் சொல்லல.” பிறகு, “நீ போய்ப் பாரு. ஆனா செக்கிங் போற மாதிரிப் போகாத” என்றார்.

மறுநாள் காலை நர்ஸம்மா கதவைத் திறக்கவில்லை. ஒரு விரற்கடை அளவு நீக்கி, “இன்னிக்கு உடம்பு சரியில்ல, அப்புறம் வா” என்றார். அந்த இடுக்கு வழியே தெரிந்த முன் அறையில் இரண்டு கூண்டுகள் சுத்தமாக, வெள்ளைத் துணி விரித்து இருந்தன. அதற்குப் பின்னால் உள்கதவு சாத்தியிருந்தது. அத்தனை வாரமும் அந்தக் கதவு சாத்தியேதான் இருந்தது என்பது செக்கரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கத் தடவிப் பார்த்தவர், இந்தத் தராசை மட்டும் தடவிப் பார்க்கவில்லை.

“அக்கா, நான் படியிலயே உக்காந்திருக்கேன். நீங்க எப்ப திறக்கறீங்களோ திறங்க.”

உட்கார்ந்தார். கதவு மூடிக்கொண்டது. லாரிகள் போயின. வெயில் படி ஏறியது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நர்ஸம்மா உள்ளே நடந்தார். செக்கரம்மா பின்னால் போனார்.

உள்கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. அலமாரி மேல், கட்டிலுக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், சமையல் மேடையில், எங்கும் பூனைகள். எல்லாவற்றுக்கும் ஒரு காது மொட்டை. தட்டுகளில் சாப்பாடு இருந்தது. வலுத்தவை தின்றன, மற்றவை எலும்பு தெரிய ஓரத்தில் கிடந்தன. பலவற்றுக்குக் கண்ணில் பீளை கட்டியிருந்தது. டீக்கடைச் சாம்பல் பூனை இருந்தது. கோழிப்பண்ணைச் செம்பட்டை, ரோமம் உதிர்ந்து, நாற்காலிக் காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“ஏன்க்கா?”

நர்ஸம்மா ஒரு சின்னப் பூனையின் கண்ணை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே பேசினார். குரலில் குற்றவுணர்ச்சி இல்லை, கோபம்தான் இருந்தது.

“நான் ராவும் பகலும் பாத்துத் தேத்திக் குடுப்பேன். நீ கொண்டுபோய் அதே ரோட்டுல விட்டுட்டு ரசீது கிழிப்ப. முதல் மாசம் ஒரு கறுப்புப் பூனை, ஞாபகம் இருக்கா? விட்ட ரெண்டாம் நாள் என் வாசல்லயே லாரி அடிச்சுச்சு. என் மடியிலதான் போச்சு. அந்தத் தையல் தழும்புகூட மறையல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? ரோட்டை மூடியிருப்பியா?”

“இதுங்களை எப்படிப் பிடிச்சீங்க?” என்று கேட்டார் செக்கரம்மா.

“சாயங்காலம் மீன் துண்டை எடுத்துட்டுப் போவேன். என் கை வாசனை அதுங்களுக்குத் தெரியும். கூப்பிட்டா வந்துடும்” என்றார் நர்ஸம்மா. அப்புறம் குரல் இறங்கியது. “இவ்வளவு ஆகும்னு நினைக்கல. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எப்படிக் கூட்டிட்டு வர்றது? இப்ப என்னால முடியல. யார்கிட்டயும் சொல்லவும் முடியல.”

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து முகத்தைக் கழுவினார். நோய் கண்டவற்றைப் பிரித்து மருந்து கொடுக்க வேண்டும், மூடின கிடங்கின் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி அங்கே மாற்ற வேண்டும் என்றார். ஊருக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

“பாதியைச் சொல்லலாம்” என்றார் செக்கரம்மா.

வாசகசாலையில் மறுபடி கூட்டம். செக்கரம்மா எழுந்து நின்றார். “காணாமப் போன பூனைங்க கிடைச்சிடுச்சு. கிடங்குல வச்சு வைத்தியம் பாக்கறோம். அதுங்களை விட்ட இடத்துலேர்ந்து மறுபடி பிடிச்சு ஒரு இடத்துல அடைச்சு வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லல. தப்பு என்னோடது.”

கூட்டம் சலசலத்தது. “எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டார் கோழிப்பண்ணைக்காரர்.

“அதைச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப அன்னிக்குத் தேடறேன்னு சொன்னீங்களே?”

“பொய் சொன்னேன்.”

நர்ஸம்மா பெண்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை எழுந்திருக்கப் போனார். செக்கரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருடம் டிக்கெட் இல்லாத ஒருவரையும் விட்டதில்லை செக்கரம்மா. கைக்குழந்தைக்காரியை, கல்யாணத்துக்குப் போகிறவனை, யாரையும். அன்று ஒருவரை விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் சொன்னார்: “நீ சொன்னது எனக்கே நம்பற மாதிரி இல்ல.”

ஊரும் நம்பவில்லை. ஆனால் வேறு மாதிரி நம்பாமல் போயிற்று. விற்கத்தான் வைத்திருந்தாள், மாட்டிக்கொண்டதும் கதை விடுகிறாள் என்று பேச்சு. மருந்துக்கடைக்காரர் உண்டியலைத் தானே கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனார். சலூன்காரர் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். டீக்கடைக்குச் செக்கரம்மா போனால் பேச்சு நின்றது, டீ மட்டும் வந்தது. மருந்து வாங்கப் பணமில்லாமல், ஓய்வூதியத்திலிருந்து எடுத்தார். கணவர் கடையில் கூடுதல் நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார். கிடங்கில் நர்ஸம்மாதான் காலையும் மாலையும் மருந்து கொடுத்தார். சில பூனைகள் செத்தன. ஒவ்வொன்றுக்கும் நர்ஸம்மா தன் கையால் குழி தோண்டினார். செக்கரம்மா உதவப் போனால் கடப்பாரையைத் தரமாட்டார்.

செம்பட்டைக்கு ரோமம் திரும்ப முளைக்க ஆரம்பித்த சமயத்தில் கோழிப்பண்ணைக்காரர் கிடங்குக்கு வந்தார். கம்பி வலைக்கு வெளியே நின்று அதையே பார்த்தார். பிறகு நர்ஸம்மா மருந்து கொடுப்பதைப் பார்த்தார். பூனைகள் நர்ஸம்மாவின் காலைச் சுற்றிய விதத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். என்ன புரிந்ததோ, அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

“செம்பட்டையை எப்பக் கூட்டிட்டுப் போலாம்?”

“இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்ணே” என்றார் தட்டு கழுவிக்கொண்டிருந்த செக்கரம்மா.

“கூட ரெண்டு வேணும். தீவன ரூம்ல படுக்க இடம் பண்ணித் தர்றேன். ரோட்டுக்கு வராம வேலியில வலை அடிச்சிட்டேன். மாசா மாசம் அதுங்களுக்கான மருந்துச் செலவும், கூட ரெண்டு பூனை ஆபரேஷன் செலவும் என்னுது.”

செக்கரம்மா ரசீதுப் புத்தகத்தைத் தேடினார்.

“உங்கமேல நம்பிக்கை வந்து குடுக்கறேன்னு நினைக்காதீங்க” என்றார் அவர். “ஒவ்வொரு ஆபரேஷன் அன்னிக்கும் நான் இங்க வந்து உக்காருவேன். எத்தனை உள்ள போச்சு, எத்தனை வெளிய வந்துச்சுன்னு பாப்பேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பேன்.”

“நானா இருந்தாலும் அப்படித்தான் பாப்பேன்” என்றார் செக்கரம்மா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குப் புரிகிற பாஷையில் ஒருவர் பேசியிருந்தார்.

பண்ணையில் எலி குறைந்தது தெரிந்ததும் அரிசி மண்டிக்காரர் வந்தார். பிறகு விதைக்கடைக்காரர். எல்லோரும் அதே பேரம்தான்: சாலையை விட்டுத் தள்ளி இடம் தருவார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஆனால் நேரில் வந்து கண்காணிப்பார்கள். ஆபரேஷன் நாளில் கிடங்கு வாசலில் ஒரு கூட்டமே கையைக் கட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றது. சும்மா நிற்கிற ஆட்களைப் பார்த்தால் டாக்டருக்குப் பிடிக்காது. “நீங்க அந்தக் கூண்டைப் பிடிங்க. நீங்க இந்த டார்ச்சைக் காட்டுங்க” என்று வேலை வாங்கிவிடுவார். வேவு பார்க்க வந்த விதைக்கடைக்காரர், மயங்கிய பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அது கண் விழிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவர் கண் செக்கரம்மாவின் பைமேலேயேதான் இருந்தது.

உண்டியல்கள் கடைகளுக்குத் திரும்பிப் போகவில்லை. டவுனுக்கு விற்ற கதையும் சாகவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அதை யாராவது சொல்லிவிடுகிறார்கள். செக்கரம்மா காதில் விழுந்தால், கேட்காத மாதிரி நடந்துவிடுகிறார்.

நர்ஸம்மாவின் வீட்டில் இப்போது மூன்று பூனைகள் இருக்கின்றன. வயதானவை, எங்கேயும் விட முடியாதவை. வாரம் ஒருமுறை, நாள் சொல்லாமல், செக்கரம்மா அந்த வீட்டுக்குப் போகிறார். நர்ஸம்மா கதவைத் திறந்து வாசலை மறித்தபடி நிற்பார்.

“இன்னும் என்மேல நம்பிக்கை வரல, இல்ல?”

“இல்லக்கா.”

“டீ போடவா?”

“முதல்ல பாத்துட்டு வந்துடறேன்.”

நர்ஸம்மா விலகி வழி விடுவார். செக்கரம்மா ஒவ்வொரு அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில் குனிந்து, குளியலறைக் கதவைத் திறந்து, பின் ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு வருவார். அதற்குள் சமையலறையில் டீ கொதிக்கும் சத்தம் கேட்கும்.